ஐந்தருவிக்கு எந்த லென்ஸ்

என் மகளின் கேமரா லென்ஸை அரிசி ட்ரம்முக்குள் புதைத்தது என் கணவர். தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிக்குள் போட்டு வைத்தால் பிழைத்துவிடும் என்று யாரோ சொன்னதை அவர் முழுதாக நம்புகிறவர். எங்கள் வீட்டில் அப்படி அரிசிக்குள் போன போன் எதுவும் பிழைத்ததில்லை. அவருடைய நம்பிக்கை மட்டும் குறையவில்லை. ஐந்தருவித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த லென்ஸை, மகள் தூங்குகிற நேரம் பார்த்து, இட்லி அரிசிக்குள் கழுத்தளவு இறக்கி மூடியும் போட்டுவிட்டார்.

அவள் தேடி எடுத்தபோது, ஃபோகஸ் திருப்புகிற வளையத்தின் இடுக்கெல்லாம் தவிட்டுப் பொடி ஏறியிருந்தது. திருப்பினால் மணல் அரைபடுகிற சத்தம். கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் படிந்து, அதன் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது.

“யப்பா, இது லென்ஸா, கிரைண்டரா?”

“ரேஷன் அரிசில போடலட்டி. நல்ல அரிசிலதான் போட்டேன்” என்றார் அவர், அதுதான் கேள்வி என்பது போல.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்காகவே அந்த லென்ஸை நான் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் ஷோகேஸில் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நடந்தது போன சீசனில். நான் தென்காசியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அன்றைக்குக் காலையில் மகள் கேமராவை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருந்தாள். எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குற்றாலம். எங்களுக்கு அருவிக்குப் போவது கடைக்குப் போவது மாதிரி, யாரும் பத்திரம் சொல்லி அனுப்புவதில்லை. தென்காசியில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே பெய்த மழை எங்களுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் டீச்சர்கள் குரூப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். ஐந்தருவியில் ஐந்து கிளையும் ஒன்றாகிச் செம்மண் நிறத்தில் இறங்குகிறது. ஜனங்கள் படியில் விழுந்து எழுந்து ஓடுகிறார்கள். எடுத்தவர் கையும் ஓடுகிறது. என் மகள் மஞ்சள் துப்பட்டா போட்டுப் போயிருந்தாள். வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி மஞ்சள் நிறத்தைத் தேடினேன். பெரிதாக்கப் பெரிதாக்க ஆட்கள் போய் கட்டம் கட்டமாக நிறங்கள்தான் மிஞ்சின. அதில் மஞ்சளும் இருந்தது. அது அவளா, யாராவது கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளியா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பதும் நின்றது.

எவ்வளவோ நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“யம்மா, நான்தான். கேமரா நனஞ்சுட்டு.”

அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து மேஜை டீச்சர் என் கையிலிருந்து போனை வாங்கி, “பிள்ள நல்லாதான் இருக்கு டீச்சர், நீங்க உக்காருங்க” என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் மறுபடி இந்தக் கதையில் வருவார்.

அன்றைக்கு மகள் சொன்னது கொஞ்சம்தான். படிக்குக் கீழே பாறைப் பக்கம் நின்றிருந்தாள். தண்ணீர் கலங்கியது, பின்னால் யாரோ கத்தினார்கள், ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். கால் தவறியதில் கேமரா முன்பக்கம் தண்ணீரில் முங்கியது. போன் போய்விட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒவ்வொன்றும் எனக்குப் படமாகத் தெரியும். தெரிந்தால் நான் தூங்கமாட்டேன்.

கேட்காமலும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து ஓடுகிறேன். மோட்டாரை நிறுத்த ஓடுவதாகத்தான் வீட்டில் நினைக்கிறார்கள். மேற்கே மலை கறுத்தால் வகுப்பில் பாதிக் கணக்கில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள், “மிஸ், எக்ஸ் கண்டுபிடிச்சாச்சா?” என்று கேட்ட பிறகுதான் திரும்புகிறேன்.

அந்தக் கேமரா எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. என் கணவரின் சிநேகிதர் சவுதியிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கேமரா. பேட்டரி இல்லாமலே ஓடும் ஜாதி. மகள் பிறந்தபோது அதில்தான் எடுத்தோம். பிறகு ஃபிலிம் கழுவுகிற கடைகள் போயின, கேமரா இரும்பு பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே போனது. காலேஜ் சேர்ந்த வருடம் மகள் அதைத் தோண்டி எடுத்தாள். அதில் லென்ஸ் ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி திருகிக் கழற்றுகிற வகை. அதே அளவு மரை உள்ள எந்தப் பழைய லென்ஸும் அதில் ஏறும் என்று அவள்தான் சொன்னாள். அரிசிக்குள் போன லென்ஸ் இனி உதவாது என்று ஆனதும், வேறு லென்ஸ் தேட ஆரம்பித்தாள். லென்ஸ் இல்லாத கேமரா, வாயை மூடிக்கொண்டு மாசக்கணக்கில் பீரோவிலேயே கிடந்தது.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் அவள் மறுபடி போனில் லென்ஸ் லென்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்லியில் ஒருவர், கல்கத்தாவில் ஒருவர். எல்லாரும் பூஞ்சை இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். வந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், திருப்பி அனுப்பினால் வாங்கமாட்டார்கள் என்றாள். இதை நான் பள்ளியில் புலம்பியபோதுதான் பக்கத்து மேஜை டீச்சர் சொன்னார்:

“எங்க அத்தா கிட்ட ரெண்டு கெடக்கு டீச்சர். துபாய்ல இருந்து வந்ததுலேர்ந்து சூட்கேஸ்லதான் இருக்கு. ஒருநா பிள்ளைய கூட்டிட்டு வாங்க.”

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு கிடையாது. அவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர், தைலம், கம்பளி, டார்ச் எல்லாம் தெரியும். எத்தனை பீரோவில் எத்தனை லென்ஸ் கிடக்கிறதோ.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அத்தா என்று டீச்சர் கூப்பிடும் அவர் அப்பா உயரமான மனிதர், வெள்ளைச் சட்டை, நாங்கள் போவதற்குள் சூட்கேஸைக் கூடத்தில் திறந்து வைத்திருந்தார். விமானக் கம்பெனிச் சீட்டு இன்னும் அதன் கைப்பிடியில் தொங்கியது. தோல் டப்பாக்களில் இரண்டு லென்ஸ். ஒன்று குட்டை, உள்ளங்கையில் அடங்கும். இன்னொன்று நீளம், டம்ளர் மாதிரி. குட்டையில் 28 என்றும் நீளத்தில் 135 என்றும் எழுதியிருந்தது.

எண் சின்னதானால் அகலமாகத் தெரியும், ஆனால் ஒரு ஆளை எடுக்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். எண் பெரிதானால் தூரத்தில் நின்றே ஆளின் முகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். மகள் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே நான் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டேன்.

“தாத்தா, இதுல நீங்க என்னல்லாம் எடுத்தீங்க?” என்று நீளத்தைக் காட்டிக் கேட்டாள் மகள்.

“இதுலயா? ஒண்ணும் எடுக்கலியே.”

“பின்ன?”

“ரூம்ல எல்லாரும் வாங்குனாக, நானும் வாங்குனேன். இத மாட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு நான் நிப்பேன். இன்னொருத்தன் அவன் கேமராவுல என்னைய எடுப்பான். நாலஞ்சு காரு முன்னால நின்னு எடுத்தோம். எதுவும் எங்க காரு இல்ல.”

உள்ளேயிருந்து டீச்சரின் அம்மா சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்தார். “அந்தப் போட்டாவப் பாத்துட்டுதான் எங்க மாமியார் ஊரெல்லாம் சொன்னாக, மவன் அங்கன போட்டாகிராப்பரா இருக்கான்னு. இவுக பாத்தது சூப்பர் மார்க்கெட்டுல மூட்டை அடுக்குத வேல.”

“அது என்ன, ஒருநா அடுக்கலேன்னா கடை தொறக்க முடியாதுலா” என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மகள் போன் டார்ச்சை எரியவிட்டு ஒவ்வொரு லென்ஸாகப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, முன்பக்கம் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். எங்கள் பக்கம் சாரல் காலத்தில் மர பீரோவில் தொங்கும் சட்டையே பூத்துப்போகும், கண்ணாடி என்ன செய்யும். 28-இன் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று இருந்தது. எனக்கும் காட்டினாள். 135 புதுசு போலச் சுத்தம்.

“பாத்தியா” என்றேன். “சின்னதுல பூஞ்ச இருக்கு. பெரிசு சுத்தமா இருக்கு.”

“ஓரத்துலதான் இருக்கு. படத்துல தெரியாது.”

“பரவும்லா?”

“யம்மா, உனக்குப் பூஞ்ச பத்திக் கவலையில்ல. என்னன்னு எனக்குத் தெரியும்.”

அத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு டப்பாவையும் மூடி மகளின் பைக்குள் வைத்தார். விலைப் பேச்சையே எடுக்கவிடவில்லை. “ரெண்டையும் கொண்டுபோயி மாட்டிப் பாரு. ஒண்ண வச்சுக்க. ஒண்ணத் திருப்பிக் கொண்டா. நான் துபாய் போனேன்னு சொல்லுததுக்கு ஏங்கிட்ட ஒண்ணாவது இருக்கணும்லா.”

வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் 135-ஐ மாட்டி என் கையில் கொடுத்தாள். கேமராவைக் கண்ணில் வைத்ததும் மலை என் மூக்குக்கு வந்தது. முந்தின நாள் மழையில் மலைமேல் தெரிந்த வெள்ளைக் கோடு, கோடாக இல்லாமல் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவில் விரலால் இழுத்து இழுத்துத் தேடியபோது எனக்குக் கிடைக்காதது இதுதான். தூரத்தில் இருப்பது உடையாமல் முழுதாகக் கிட்டே வருகிறது. இப்படி ஒன்று அவள் கையில் இருந்தால், அவள் ரோட்டில் நின்றபடி அருவியை எடுக்கலாம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகூட எடுக்கலாம்.

“இதுதான்ட்டி. இதையே வச்சுக்கோ” என்று சொல்லிக்கொண்டே, மலையை விடாமல் ஒரு அடி நகர்ந்தேன். காலடியில் நொறுங்கியது. காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல்.

“அதுல மலை தெரியும். நீ நிக்க எடம் தெரியாது” என்றாள் மகள், குனிந்து வத்தலைப் பொறுக்கியபடி.

“வத்தல் போனாப் போகுது.”

அடுத்த நாள் சாயங்காலம், “சரி, நீ சொன்ன லென்ஸையே மாட்டிட்டு வாரேன். ஆனா நீயும் வரணும்” என்றாள். அருவிப் பக்கம் ஒரு வருடமாக நான் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

நாங்கள் போன அன்று ஐந்தருவியில் தண்ணீர் மெல்லியதாக விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் படுகிற நாள். பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. சிப்ஸ் பொரிக்கிற எண்ணெய் வாசனையும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. படிக்கு இந்தப் பக்கமே, கடைவரிசை முடிகிற இடத்தில் ஒரு மரத்தடியைக் காட்டி, “இங்கன நில்லு. இதத் தாண்டாத” என்றேன். அங்கிருந்து அருவி நல்ல தூரம். அவள் அங்கேயே நின்றாள். மரத்தில் சாய்ந்துகொண்டு நீளக் குழாயை அருவிப் பக்கம் நீட்டிக் கண்ணை வைத்தாள். நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம் போட்டது மங்குஸ்தான் விற்கிற அம்மா.

“ஏட்டி! யாருட்டி அது மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு? குளிக்கிற பொம்பளையள குழாய் வச்சு எடுக்கா பாரு!”

அந்தப் பக்கம்தான் பெண்கள் குளிக்கும் கிளை. இந்த ஊரில் பிறந்து, இதே அருவியில் குளித்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்தது? பயம் என்னை அருவியைத் தண்ணீராக மட்டும் பார்க்கவைத்திருந்தது. அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள் என்பதே என் கணக்கில் இல்லை.

கூட்டம் சேர்ந்தது. டூட்டியில் இருந்த பெண் போலீஸ் வந்தார்.

“என்னம்மா எடுக்க? காட்டு பாப்போம்.”

மகள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் வெறும் கறுப்பு. அவர் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

“ஸ்கிரீன் எங்க?”

“இதுல கெடையாது அக்கா. ஃபிலிம்.”

“சரி, டிலீட் பண்ணு.”

“டிலீட் பண்ண முடியாது அக்கா. கழுவுனாதான் தெரியும்.”

“யாரக் கழுவுனா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். பெண் போலீஸ் சிரிக்கவில்லை.

“அப்போ அந்தப் பின்கதவத் தொறந்து ஃபிலிம உருவு.”

மகள் கேமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. வெள்ளம் வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோதுகூட அவள் அழவில்லை. இப்போது அழுதுவிட்டாள்.

“அக்கா, வேண்டாம். இன்னிக்கு எதுவும் எடுக்கல, சத்தியமா. சும்மா பாத்துட்டுதான் இருந்தேன். இதுல போன வருசம் எடுத்தது இருக்கு. தொறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிரும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “யம்மா, சொல்லும்மா. அந்த அம்மா இதுலதான் இருக்காக.”

“எந்த அம்மா?”

“என் கையப் புடிச்சு இழுத்தாகல்லா, அவுக.”

நான் ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அவள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னாள். அன்றைக்குப் படிக்குக் கீழே, குளித்துவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறாள். கிட்டே போய், படம் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர், “என்னையவா? இந்தக் கோலத்துலயா?” என்று சிரித்துவிட்டு, இருந்து பேசியிருக்கிறார். திருவேங்கடம் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து வந்தவர். அங்கே மழையே இல்லை, இங்கே தண்ணீரைப் பார்த்தால் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். மகள் அவரை எடுத்தாள். எடுத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. மேலே ஓடத் தொடங்கிய அந்த அம்மா, திரும்பிப் பார்த்து, “ஏ, போட்டா பிடிச்ச பிள்ள!” என்று கத்திக்கொண்டு இறங்கிவந்து, அவள் கையைப் பிடித்திருக்கிறார்.

“நான் கிட்டப் போயி பேசுனதாலதாம்மா என்னைய அவுகளுக்குத் தெரிஞ்சுது. இந்த மரத்தடில நின்னிருந்தா யாருக்குத் தெரியும்?”

மரத்தடியில் நின்றிருந்தால் வெள்ளம் உன் கிட்டவே வந்திருக்காது என்று என் வாயில் வந்தது. அதில் தப்பும் இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் அந்தக் கதவு திறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

“மேடம், இவள இங்கன நிக்கச் சொன்னது நான்தான்” என்றேன் பெண் போலீஸிடம். “கிட்டப் போனா பயம்னு நான்தான் தூரத்துல நிக்கவச்சு, இந்த லென்ஸையும் மாட்டவச்சேன். போன வருசத் தண்ணியில இவ மாட்டிக்கிட்டா. நான் டீச்சர். என்னைய வேணா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதத் தொறக்க மட்டும் சொல்லாதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். “அன்னிக்கா?” என்றார். “நானும் அன்னிக்கு இங்கனதான் டூட்டி.” கேமராவைக் கேட்டு வாங்கித் தன் கண்ணில் வைத்து அருவிப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. “ஆத்தி, எவ்வளவு கிட்ட வருது. இத வச்சு இங்கன நின்னா யாருக்குதான் கோவம் வராது?” என்று திருப்பிக் கொடுத்தார்.

“எடுக்கணும்னா மறைஞ்சு நிக்காத. கிட்டப் போ, கேளு, சரின்னா எடு. குளிக்கிற பக்கம் திருப்பவே கூடாது. விசில் அடிச்சா மொத ஆளா மேல வந்துரணும். என்ன?”

“சரிக்கா.”

“டீச்சர், நீங்களும்தான்.”

போலீஸே கிட்டப் போகச் சொல்லிவிட்ட பிறகு நான் என்ன பேச. கூட்டம் கலைந்தது. மங்குஸ்தான் அம்மா, “பிள்ள அழுவுது பாரு, இந்தா” என்று இரண்டு பழத்தை மகள் கையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “நீயெல்லாம் டீச்சரு!” என்றார். நான் அரைக் கிலோ வாங்கினேன்.

மரத்தடியிலேயே உட்கார்ந்து மகள் நீள லென்ஸைக் கழற்றினாள். பையிலிருந்து குட்டை லென்ஸை எடுத்து மாட்டப் போனவள் நின்று, என் முகத்தைப் பார்த்தாள். நான் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன், சாரல் உள்ளே போகாமல். திருகினாள். ஊறுகாய் மூடி கடைசியில் இறுகுகிற மாதிரி ஒரு சின்ன நிறுத்தம். அவ்வளவுதான் எங்கள் லென்ஸ் தேர்வு.

மிச்ச ஃபிலிமை அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் எடுத்து முடித்தாள். ரோலைச் சென்னைக்கு அனுப்பினோம். தண்ணீர் உள்ளே போயிருந்தால் எதுவுமே வராது என்று அவள் சொல்லியிருந்ததால், காத்திருந்த நாட்களில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் அப்பா மட்டும், “கேமராவையும் அரிசில வச்சிருக்கணும்” என்றார்.

படங்கள் போனில் வந்தன. போன வருடத்துப் படங்களில் ஒரு பக்க ஓரம் முழுக்கத் தேயிலைக் கறை மாதிரி இருந்தது. அந்தக் கறைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஈரத்தலை, தோளில் துண்டு, பல்லுக்கிடையில் சீப்பைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முடியைப் பிழிகிறார். சிரிப்பில் கண் பாதி மூடியிருக்கிறது. சீப்பைக் கடித்துக்கொண்டு எப்படி அவ்வளவு சிரிக்க முடிந்தது என்று தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் என் மகளை இழுத்த கை.

போனில் அதை விரலால் பெரிதாக்கினேன். இந்த முறை அது கட்டம் கட்டமாகப் போகவில்லை. ஆள் இருந்தார்.

அதே ரோலில் குட்டை லென்ஸில் எடுத்த படங்களைப் பார்த்து என் கணவர் சிரித்துச் சிரித்து இருமினார். சிப்ஸ் கடைக்காரர் சட்டியோடு நிற்கிறார், இடது ஓரத்தில் குடையோடு நான். பொம்மை விற்கிறவர், வலது ஓரத்தில் நான். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாத்தா, அவருக்குப் பின்னால் வாயைத் திறந்து எதையோ கத்துகிற நான். நான் படத்தில் இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. நல்லா தள்ளிதான் நின்றேன்.

“இந்த லென்ஸ் அப்படித்தான்” என்றாள் மகள். “நீ எங்க நின்னாலும் விழுவ.”

135-ஐத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டீச்சரின் அத்தாவுக்கு ஆச்சரியம். “பெரிசுதான நல்லது? சின்னதுல பூஞ்ச வேற இருக்கே?” என்றார். பூஞ்சை படத்தில் விழவில்லை அண்ணாச்சி, நான்தான் விழுந்தேன் என்று சொல்லிப் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நாங்கள் கொண்டுபோன நீள லென்ஸை எடுத்துக் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, “அப்போ அதுல என்னையும் ஒண்ணு எடு” என்றார். மகள் எடுத்தாள். இந்த முறை கார் இல்லை. அவர் வீட்டம்மா டீத் தட்டோடு ஓரத்தில் விழுந்திருப்பார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நேற்றுகூடத் தொட்டி வழிகிற சத்தத்துக்கு ஓடினேன். அவள் அருவிக்குப் போகிற நாளில் முடிந்தவரை நானும் போகிறேன். காலையில் எழுந்ததும் மலையைப் பார்க்கிறேன், கறுத்திருந்தால் இருவருமே போவதில்லை. அதில் அவள் சண்டை போடுவதில்லை.

அந்த அம்மாவின் படத்தை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு என் கைப்பையில் வைத்திருக்கிறேன். பேர் தெரியாது, ஊர் பேர்கூடச் சரியாகத் தெரியாது. திருவேங்கடம் பக்கம் என்பதுதான். சாரல் நன்றாக இருக்கிற ஞாயிறுகளில் அந்தப் பக்கத்து வேன்கள் நிறைய வரும். குளித்துவிட்டுப் பெண்கள் கூட்டமாகப் படிக்குக் கீழே உட்கார்ந்து தலை உலர்த்துவார்கள். போன வாரம் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததும், மகளை மேலேயே விட்டுவிட்டுப் பையிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொருவராகக் கிட்டே போய், “திருவேங்கடமா? இவுகளத் தெரியுமா?” என்று கேட்டேன். அவர்கள் சங்கரன்கோவில்காரர்கள். தெரியவில்லை. ஆனால் படத்தை வாங்கிக் கை மாற்றிப் பார்த்தார்கள். “என்னா சிரிப்பு!” என்றார் ஒருவர். யார் இது என்று கேட்டார்கள். நான் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொரு கூட்டம் இன்னும் கொஞ்சம் கீழே, பாறை பக்கம் இருந்தது. படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கால் வைத்தேன்.

“யம்மா!” மேலே படியிலிருந்து மகள் கத்தினாள். கண்ணிலிருந்து கேமராவை எடுத்துவிட்டிருந்தாள். “ரொம்ப கீழ போகாத. பாசி வழுக்கும்!”

நான் கையை ஆட்டிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து இறங்கினேன்.